விளக்கெண்ணெயை எழுதினீங்களா?

சென்ற மாதம், இளம் கால்நடை டாக்டர்களான உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே குறைபட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். ஒரு பூனையின் சொந்தக்காரர் சிகிச்சைக் குறிப்பின் நகல் கேட்கிறாராம். அதை வேறொரு டாக்டரிடம் காட்டப் போகிறாராம். "அப்படின்னா எம்மேல நம்பிக்கை இல்லைன்னுதானே சார் அர்த்தம்?" என்றார். ஆமாம், அதுதான் அர்த்தம் என்றேன். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல காப்பி வீணான வருத்தமும் கொஞ்சம் உண்டு.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவத்தில் நான் சுமாரானவன். விதிகளில் கெட்டிக்காரன். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தக் கடிதம் யார் வழியாக யாருக்குப் போக வேண்டும், எந்த மனுவை எந்த மேசை இழுப்பறையில் எத்தனை நாள் தூங்க வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. விதி தெரிந்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் எதையும் முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. அவனுக்காக விதியே சொல்லிவிடும்.

அறுபதுகளின் நடுவில் என்னை நெய்வேலிக்கு மாற்றினார்கள். சுரங்கத்திலிருந்து லிக்னைட் என்கிற பழுப்புக் கரி வெளியே வரத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நகரியத்தின் ஓரத்தில் ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம்தான் கால்நடை மருந்தகம். அங்கே நானும் கம்பவுண்டர் சண்முகமும். சண்முகம் தென்காசிப் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு, இருமல் அதிகம். அவர் இருமுவது உடம்புக்கு முடியாததால் அல்ல, அபிப்பிராயம் சொல்வதற்காக என்பது எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த ஊரில் எல்லாக் கேள்விக்கும் கரிதான் பதில். மனிதர் இருமினால் கரி. துவைத்த வேட்டி பழுப்பானால் கரி. காப்பி கசந்தால் கரி. புதிதாகக் கல்யாணமான ஒரு கிளார்க், மனைவி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனதற்கும் கரித்தூளைத்தான் காரணம் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு வருடத்தில் நானும் அந்த ஊர்க்காரனாகிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. முதலில் வந்தது ஓர் இன்ஜினீயர் வீட்டு அல்சேஷன். அதற்குக் காய்ச்சல் பார்த்தேன், நாக்கு பார்த்தேன், காதுக்குள் விளக்கடித்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. அதற்கு இருந்த ஒரே நோய், எசமானர் டூர் போயிருந்தது.

அடுத்து வந்தவள் அஞ்சலை. காடாம்புலியூர்ப் பக்கம். புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். இவள் நகரியத்தில் இரண்டு குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் உடம்பெல்லாம் கறுப்பான ஒரு நாட்டு நாய். அது நடந்து வரவில்லை, இழுபட்டு வந்தது.

"பேர் என்ன?" என்று பதிவேட்டைத் திறந்தேன்.

"போர்மேனுங்க."

"உன் வீட்டுக்காரரா?"

"இல்லீங்க, நாயிங்க. வேல ஒண்ணும் செய்யாது, கொலைச்சிகினே இருக்கும். அதான் அவுரு அப்பிடிப் பேரு வச்சாரு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எருமைக் கன்றோடு நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமான போர்மேன்.

"என்ன தொந்தரவு?"

"நாலு நாளா சோறு எறங்கலீங்க. படுத்துகினே கெடக்குது. வெளிக்கிப் போனா தாரு மாரி கறுப்பா போவுது."

"எங்கே படுக்கும்?"

"அவுரு ஷிஃப்ட்டு முடிஞ்சி வர்ற வரைக்கும் லாரிங்க நிக்கிற எடத்துல, கரித்தூளு மேலதாங்க."

"கரியில படுத்து, கரிய நக்கினா, கறுப்பாப் போகாம மஞ்சளாவா போகும்?" என்றேன்.

இந்தத் தடவை போர்மேனும் சிரித்தார். அஞ்சலையும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தாள். ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்த டாக்டர் அதற்குமேல் நாயைப் பார்க்க மாட்டான். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பதிவேட்டில் எழுதினேன்: "லிக்னைட் தூள் உட்கொண்டுள்ளது. விளக்கெண்ணெய். நன்றாகக் குளிப்பாட்டவும்."

அந்த நாய்க்கு ஈறும் உதடும்கூடக் கறுப்பு. ரத்தம் குறைந்திருந்தால் அங்கே தெரியாது. கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு விரல் போதும், ஒரு நொடி போதும். அந்த நொடியை அல்சேஷனிடமே செலவழித்துவிட்டேன். சண்முகம் விளக்கெண்ணெயை ஊற்றிக் கொடுக்கும்போது இருமினார். கரி என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அஞ்சலை திரும்பி வந்தாள். நாயைச் சாக்கில் கிடத்திப் புருஷனும் அவளுமாகத் தூக்கி வந்திருந்தார்கள். புருஷன் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடினார். அஞ்சலை உள்ளே வந்து, மடியிலிருந்து இரண்டு துண்டுத் துணிகளை எடுத்து என் பதிவேட்டின் மேலேயே விரித்தாள். இரண்டும் பழைய வெள்ளை வேட்டியில் கிழித்தவை.

"டாக்டரய்யா, அது கரி இல்லீங்க."

"நீ எப்படிச் சொல்றே?"

"நாலு வருசமா அவுரு சட்டைய தொவைச்சிகினு இருக்கறவங்க நானு. கரிய ஈரத் துணில வச்சா கரியாவேதாங்க பரவும். இதோ, இது கரி. இது நாயோடது. ஓரத்தப் பாருங்க."

முதல் துணியில் ஓரம்வரை கரியின் பழுப்புக் கறை மட்டும் இருந்தது. இரண்டாவதில் நடுவே கறுப்பும், அதைச் சுற்றி ஈரம் பரவிய இடமெல்லாம் சிவப்பும். நாய் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தது. பேதியாகும்படி அதற்கு விளக்கெண்ணெய் கொடுத்தவன் நான்.

தார்போல் கறுப்பாகப் போனால் அது குடலில் கசிந்த ரத்தம் என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இவள் துணி துவைக்கும் சவுக்காரத்தோடு கற்றிருந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு டாக்டர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது இது: "துணியெல்லாம் ஆதாரமாகாதும்மா. நாயை மேசை மேல தூக்கு, மறுபடி பாக்கறேன்."

"வேணாங்க. நீங்க பாத்தது போதும்."

குரலை உயர்த்தவில்லை. பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கடலூருக்குத் தூக்கிகினு போறேன். அங்க பெரிய டாக்டரு இருக்காராமே, அவருகிட்ட. நீங்க அன்னைக்கு என்னா பாத்தீங்க, என்னா பாக்கல, என்னா குடுத்தீங்க, அத ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. அவுரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

உடனே என் விதிகள் எனக்குத் துணைக்கு வந்தன. பதிவேடு அலுவலக ஆவணம். நகல் வேண்டுமென்றால் விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பம் உரிய வழியில் மேலே போய் உத்தரவாகிக் கீழே வர வேண்டும். ஏழு நாள் ஆகும். இதையெல்லாம் நான் தடங்கலில்லாமல் சொன்னேன். ஒன்றுகூடப் பொய்யில்லை.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, "ஏழு நாளு இது இருக்குங்களா? அத மட்டும் சொல்லுங்க, ஒக்காந்துக்கறேன்" என்றாள்.

சண்முகம் இருமினார். அன்றுதான் அந்த இருமலின் பொருள் எனக்கு விளங்கியது.

எழுத உட்கார்ந்தேன். மனம் திருந்தி உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நகல்தான் கொடுக்கக் கூடாது, கடிதம் எழுத எந்தத் தடையும் இல்லை என்று எனக்குள் இருந்த விதிக்காரன் ஒரு சந்து கண்டுபிடித்தான். அந்தச் சந்து வழியாக மருத்துவன் மெதுவாக வெளியே வந்தான். எழுதியதும் நல்ல கடிதம்தான். உங்களுக்கெல்லாம் மாதிரியாகத் தரத்தக்கது. "மேற்படி நாய் திங்களன்று கொண்டுவரப்பட்டது. பரிசோதனையின்போது ரத்தக் குறைவுக்கான அறிகுறிகள் தென்படவில்லை. ஆரம்ப சிகிச்சை அளிக்கப்பட்டது. மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது." கையெழுத்திட்டு, முத்திரை குத்தி நீட்டினேன்.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. நான் நம்பியதும் அதைத்தான். அவள் தாளைச் சண்முகத்திடம் கொடுத்து, "அண்ணே, சத்தமா படிங்க" என்றாள்.

சண்முகம் சத்தமாகவே படித்தார். அந்த மனிதர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பரிசோதனன்னா?"

"பாக்குறது."

"என்னா பாத்தாரு? அந்தாண்ட நின்னுகினு பாத்தாரு. கிட்டவே வரல. தென்படலன்னு எழுதினா, பாத்தாரு, இல்லன்னு ஆவும். பெரிய டாக்டரும் அத நம்பிட்டு இமைய பாக்காமயே வுட்டுட்டாருன்னா?"

இமை! இமையைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரிந்தது? கேட்டேன். "அந்தப் பெரிய நாயிக்கு நீங்க இழுத்துப் பாத்தீங்களே. நான் பின்னாடிதாங்க நின்னுகினு இருந்தேன்" என்றாள். வரிசையில் நிற்பவர்கள் முன்னால் இருப்பவருக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார்கள். இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

அதோடு விடவில்லை.

"அண்ணே, விளக்கெண்ணெய எழுதினாரா?"

சண்முகம் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"எழுதலம்மா."

"ஆரம்ப சிகிச்சைன்னு எழுதியிருக்கேனே" என்றேன்.

"அது எண்ணெயிங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தின் மேல் சட்டை போட்டுக்கொண்டு வருகிற கோபம். விளக்கெண்ணெய் என்ற ஒரு சொல்லை எழுதி, கீழே என் பெயரைப் போட்டால், அந்தத் தாள் நாளைக்கு எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது. ஆனால் சாக்கில் கிடந்த நாய்க்கு மூச்சு எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் எண்ணவில்லை.

புதிய தாள் எடுத்தேன். வரிவரியாக எழுதினேன். காய்ச்சல் பார்க்கவில்லை. இமை பார்க்கவில்லை. மலம் சோதிக்கவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தேன். அளவு இவ்வளவு. நாய்க்காரி இன்று கொண்டுவந்த துணியில் ரத்தம் கண்டேன். சண்முகம் படித்தார். அஞ்சலை கேட்டு முடித்து, தாளை நாலாக மடித்துத் துணிகளோடு மடியில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

பஸ்ஸில் அந்த நாயை ஏற்ற மாட்டார்கள். மருந்தகத்துக்கு வழக்கமாகத் தீவனம் கொண்டுவரும் லாரி குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூர் திரும்பிக்கொண்டிருந்தது. சண்முகம் ஓடிப்போய் அதை நிறுத்தினார். நானும் வருகிறேன் என்று குடையை எடுத்தேன்.

"நீங்க வேணாங்க" என்றாள். "நீங்க வந்தா அந்த டாக்டரு நாயிய பாக்க மாட்டாரு, ஒங்க மூஞ்சிய பாத்துகினு பேசுவாரு. அண்ணன் வரட்டும்."

சண்முகத்துக்கு அரைநாள் விடுப்பு எழுதினேன். என்னால் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான். பிற்பகல் முழுவதும் மருந்தகத்தில் நான் தனியாக இருந்தேன். வந்த ஒவ்வொரு மாட்டுக்கும், ஆட்டுக்கும், ஒரு கோழிக்கும்கூடக் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். கோழிக்காரர் பயந்துபோய் மறுநாளே அதைச் சமைத்துவிட்டதாகக் கேள்வி.

மறுநாள் காலையில் சண்முகம் என் தாளோடு வந்தார். எனக்குக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அஞ்சலை கொடுத்தனுப்பியிருந்தாள். கடலூர்ப் பெரிய டாக்டர் என் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சிவப்பு மையில் எழுதியிருந்தார். காய்ச்சல்: இல்லை. இமை: சுண்ணாம்பு வெளுப்பு. மலம்: கொக்கிப்புழு முட்டைகள், ஏராளம். விளக்கெண்ணெய் என்ற வரிக்கு எதிரே மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது: "இதை எழுதியது நல்லதாயிற்று. வழக்கப்படி புழு மருந்தும் பேதி மருந்தும் கையில் எடுத்துவிட்டேன். இந்த வரியைப் பார்த்து இரண்டையும் கீழே வைத்தேன். முதலில் ரத்தம் ஊறட்டும்."

குடலைக் கவ்வி ரத்தம் உறிஞ்சுகிற புழு அது. அந்தக் காலத்தில் புழு மருந்தோடு பேதிக்கும் கொடுப்பதுதான் பழக்கம். என் முதல் கடிதத்தோடு அந்த நாய் போயிருந்தால், அதே பேதியை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு கடலூரிலேயே செத்திருக்கும். ஆரம்ப சிகிச்சை அளிக்கப்பட்டது என்ற அழகான வாக்கியம் அதைக் கொன்றிருக்கும்.

நாய் பிழைத்தது. மூன்று வாரம் ரத்தம் ஊற ஈரல் ஊசி, பால், அஞ்சலை வேலை செய்த குவார்ட்டர்ஸ் அம்மாள் கொடுத்த முட்டை. அப்புறம்தான் புழு மருந்து.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலாவது வாரம் அஞ்சலை வந்தாள். நாய் பின்னாலேயே தானாக நடந்து வந்தது. நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் கையில் மனு இருந்தது. குவார்ட்டர்ஸ் அம்மாள் எழுதிக் கொடுத்தது. டாக்டர் நாயைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து கொடுத்தார், மேலதிகாரி விசாரிக்க வேண்டும், இனிமேல் நோய்க்குக் கரி என்று எழுதக் கூடாது என்று உத்தரவிட வேண்டும்.

"நாய்தான் பிழைச்சிடுச்சே அஞ்சலை?" என்றேன். நிஜமாகவே மனம் நொந்துதான் கேட்டேன்.

"நாயி பொழச்சது வேறங்க, நீங்க பாக்காதது வேறங்க. எம் பக்கத்து வூட்டு ஆடும் தாரு மாரிதான் போச்சி. கரின்னு நெனச்சி யாரும் இங்க கொண்டாரவே இல்ல. செத்துப்போச்சி."

விதிப்படி அந்த மனுவை நான்தான் வாங்கி, எண் போட்டு, என் குறிப்புரையோடு எனக்கு எதிராக நானே மேலே அனுப்ப வேண்டும். என் மேசை இழுப்பறையைப் பற்றி முன்பே சொன்னேன். மனுக்கள் நன்றாகத் தூங்கும் அறை அது. ஒரு மணி நேரம் அந்த அறையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எண் போட்டேன். குறிப்புரை என்ற இடத்தில் "மனுவில் கண்டவை உண்மை" என்று எழுதி அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய மிகச் சிறிய குறிப்புரை அதுதான். மனு போய்ச் சேர்ந்தது கடலூர்ப் பெரிய டாக்டரிடமே, அவர்தான் என் மேலதிகாரி. எழுத்தில் கண்டிப்பு வந்தது, என் கோப்பில் ஏறியது. அதன்பின் என்னை அவர் ஒருமுறை பார்த்தபோது, "இமை பார்க்கிறீரா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது உங்கள் காலத்தில் பிராணி வளர்ப்போருக்கு நுகர்வோர் கோர்ட் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், கேட்கிற தைரியமும் இருக்கிறது. அஞ்சலைக்குக் கடைசியில் சொன்னது மட்டும்தான் இருந்தது. நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன பார்க்கவில்லை, என்ன கொடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்வது, உங்களை நம்பாமல் இன்னொருவரிடம் போவது, போகும்போது உங்களைக் கூட வர வேண்டாம் என்பது, நாய் பிழைத்த பிறகும் புகார் கொடுப்பது, இதெல்லாம் நீங்கள் மனமிரங்கித் தருகிற சலுகைகள் அல்ல. இவற்றைக் கேட்கிறவர் உங்கள் எதிரியும் அல்ல. அந்த நாய்க்காக உங்களைவிட நன்றாகப் பார்த்தவர், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. புகார் கொடுத்தவர் அடுத்த தடவை வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் அவர் பார்ப்பார்.

அஞ்சலை வந்தாள். கண்டிப்புக் கடிதம் வந்து இரண்டு மாதம் இருக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டிய நாள். அந்த ஊரில் வேறு டாக்டர் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நாயை மேசைமேல் தூக்கி நிறுத்தினாள். நான் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். போர்மேன் என்னைப் பார்த்து உறுமியது. அதற்கு ஞாபகசக்தி நன்றாக இருந்தது.

நான் கையை நீட்டுவதற்குள் அஞ்சலையே அதன் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பிடித்தாள்.

"பாருங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். நல்ல சிவப்பு. பதிவேட்டைத் திறந்து, பெயர் போர்மேன், ஆண், கறுப்பு என்று எழுதி, அடுத்த கட்டத்தில் "இமை பார்த்தேன்" என்று எழுதினேன்.

அஞ்சலை சண்முகத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, என்னா எழுதினாரு? படிங்க."